நீலகிரிக்கு மீன் தேடிய டாக்டர்

தூண்டிலில் என்ன மாட்டி மீன் பிடிப்பார்கள்? மண்புழு என்று உடனே சொல்லிவிடுவீர்கள். கருவேப்பிலங்குறிச்சிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். வெள்ளாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் போதும், ஈரமண்ணைக் கிளறிப் புழு எடுப்பார்கள். கொட்டாங்குச்சியில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் புழுவே இல்லாமல், ஒரு கோழி இறகையும் கொஞ்சம் நூலையும் கொக்கியில் கட்டி மீன் பிடிக்கிறவர்களும் உலகத்தில் உண்டு. அப்படிப் பிடிப்பதற்கென்றே ஒரு மீன் இருக்கிறது. அதன் பெயர் டிரவுட். அந்த மீனை நம் ஊட்டி மலைக்குக் கொண்டுவர அரும்பாடுபட்டவர் ஒரு டாக்டர். அவர் பெயர் பிரான்சிஸ் டே.

சிரிக்காதீர்கள்! ‘டே’ என்பது அவருடைய குடும்பப் பெயர். அவரை யாரும் ‘டேய்’ என்று கூப்பிட்டதில்லை. நாம் டாக்டர் டே என்றே மரியாதையாகச் சொல்வோம்.

இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு

பிரான்சிஸ் டே 1829ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் உள்ள மேர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தார். 1852இல், அதாவது இருபத்து மூன்று வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அப்போது பர்மாவில் இரண்டாவது போர் நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் போய்ப் பணியாற்றினார்.

பிறகு அவரைக் கொச்சியில் மருத்துவராக நியமித்தார்கள். கொச்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறுகள், எங்கு பார்த்தாலும் தண்ணீர். மருத்துவமனை வேலை போக மீதி நேரத்தில் டாக்டர் டே கண்ணில் பட்ட மீன்களை எல்லாம் ஆராயத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் அளந்தார், முள்ளை எண்ணினார், செதிலை எண்ணினார், படம் வரைந்தார், சாராயம் ஊற்றிய சீசாவில் போட்டு வைத்தார். (குடிப்பதற்கு இல்லை, மீன் அழுகாமல் இருக்க!) கொச்சி நாட்டின் வரலாற்றையும் மக்களையும் இயற்கையையும் பற்றி 1863இல் ஒரு புத்தகம் எழுதினார். மலபார் மீன்களைப் பற்றி அடுத்த புத்தகம் 1865இல் வந்தது.

வண்ண மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ‘மிஸ் கேரளா’ என்ற மீனைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு, அதற்கு மேல் முன்பாதியில் சிவப்புக் கோடு. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டுமே வாழும் இந்த மீனுக்கு 1865இல் அறிவியல் பெயர் சூட்டியவர் நம் டாக்டர்தான். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார். இப்போது அந்த மீனைத் தொட்டிகளுக்காக அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டதால், அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

இறகால் ஆன ஈ

இனி அந்த டிரவுட் கதைக்கு வருவோம்.

அக்காலத்தில் வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் கோடைதோறும் நீலகிரிக்கு ஏறிவிடுவார்கள். உதகமண்டலத்தின் குளிரும் புல்வெளியும் ஓடைகளும் அவர்களுக்குச் சொந்த ஊரை நினைவூட்டின. ஒன்றே ஒன்றுதான் குறை. அந்த ஓடைகளில் டிரவுட் இல்லை.

அந்த ஒரு மீனுக்கு ஏன் அவ்வளவு ஏக்கம்? அதைப் புரிந்துகொள்ள அவர்கள் மீன் பிடித்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மழை பெய்த மறுநாள் ஈசல் பறந்து வந்து குளத்தில் விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? உடனே தண்ணீரில் ‘பொளக் பொளக்’ என்று சத்தம் கேட்கும். மீன்கள் மேலே வந்து ஈசலை விழுங்குகின்றன. டிரவுட் மீனுக்கு ஏறக்குறைய தினமும் இதே வேலை. குளிர்ந்த ஓடையில் கல்லுக்குப் பின்னால் மறைந்து நின்று, தண்ணீர் அடித்துக்கொண்டு வரும் பூச்சிகளைத் தாவிப் பிடிக்கும். உண்மையான பூச்சியைக் கொக்கியில் குத்தினால் பிய்ந்துவிடும். ஆகவே இறகாலும் நூலாலும் ஒரு பொய்ப் பூச்சியைச் செய்து கொக்கியிலேயே கட்டினார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபிளை’ என்று பெயர். அதாவது ஈ. நாம் பொய் ஈ என்று வைத்துக்கொள்வோம்.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. மாசிடோனியா நாட்டில் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் கொக்கியில் சுற்றி மீன் பிடித்ததை, ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்பே ஏலியன் என்ற எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார்.

பொய் ஈ கட்டுவது மிக நுட்பமான வேலை. விருத்தாசலம் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கை நடுங்கக் கூடாது, மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட வேலை இது. அவர்கள் தேடித் தேடிச் சேர்த்த இறகுகளில் நம் நாட்டு இறகும் ஒன்று உண்டு. மேற்கு மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்து இறகு அது. அதன் ஒவ்வொரு இறகிலும் மெழுகு சொட்டியது போல் மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். பொய் ஈயில் அதைக் கட்டினால் கண் போல் தெரியும். அந்த இறகுக்காகவே எத்தனையோ காட்டுச் சேவல்கள் கொல்லப்பட்டன. கப்பலேறி வெளிநாடு போன இறகுகளுக்குக் கணக்கில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பறவையைத் தொடுவதே குற்றம்.

பிற்காலத்தில், 1940களில், ஸ்காட்லாந்து நாட்டு அபர்டீன் நகரத்தில் தூண்டில் சாமான் கடை ஒன்றில் வேலை பார்த்த வின்னி மொராவ்ஸ்கி என்ற பெண்மணி ஒரு புது வகையைச் செய்தார். இறகைக் கொக்கியில் கட்டாமல் ஒரு சிறு குழாயில் கட்டினார். தூண்டில் நரம்பு குழாய்க்குள்ளே புகுந்து வெளியே வரும். கடைசியில் கொக்கி தனியாக இருக்கும். மீன் கடித்ததும் குழாய் நரம்பின் மேல் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். மீன் எவ்வளவு துள்ளினாலும் இறகு பிய்யாது. கொக்கி முறிந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். இதற்கு ‘டியூப் ஃபிளை’, அதாவது குழாய் ஈ என்று பெயர். சால்மன் போன்ற பெரிய மீன்களுக்கு இன்று உலகமெங்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

கொக்கி இல்லாமலே இதைக் கட்டிப் பழகலாம் என்பதால் உங்களுக்கும் ஏற்றது. மை தீர்ந்த ரீஃபில் ஒன்றை எடுத்துக் கழுவி, விரல் நுனி நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். குழாய்க்குள் ஓர் ஈர்க்குச்சியை இறுக்கமாகச் செருகுங்கள். ஈர்க்குச்சியின் அடிப்பக்கத்தை மேசை இழுப்பறையின் இடுக்கில் வைத்து மூடினால் ஆடாமல் நிற்கும். தையல் நூலைக் குழாயின் மேல் நெருக்கமாகச் சுற்றுங்கள். முதல் சுற்றுகளை நூலின் மேலேயே சுற்றினால் முடிச்சு இல்லாமல் பிடித்துக்கொள்ளும். இதுதான் முதல் பாடம். இது வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு கொல்லையில் கிடக்கும் நாட்டுக்கோழி இறகிலிருந்து நாலைந்து இழைகளை உருவி எடுங்கள். நுனிகள் எல்லாம் ஒரே மட்டமாக, குழாயைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, மூன்று சுற்று இறுக்குங்கள். குழாயைச் சற்றுத் திருப்பி இன்னும் நாலைந்து இழைகள், இன்னும் மூன்று சுற்று. இப்படியே குழாயைச் சுற்றி வாருங்கள். அடர்த்தியாகக் கட்டிவிடத்தான் எல்லாருக்கும் ஆசை வரும். கூடாது! பூச்சி மெலிந்தது, அதன் கால்களை எண்ணிவிடலாம். கடைசியாக முடிச்சுப் போட்டு, அதன் மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு வையுங்கள். காய்ந்ததும் ஈர்க்குச்சியை உருவிவிட்டு, குழாய்க்குள் நூல் கோத்து ஒரு தொட்டித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். இறகு இழைகள் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும். மீன் ஏமாறுவது அதைக் கண்டுதான். முதலாவது ஈ துடைப்பக் கட்டை மாதிரிதான் வரும், கவலைப்படாதீர்கள். பத்தாவது நன்றாக வரும். கொக்கி மாட்டும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மிளகளவு முட்டை

நீலகிரியில் ஓடை தயார், குளிர் தயார், பொய் ஈ கட்டும் கைகளும் தயார். மீன்தான் வர வேண்டும். 1863இல் ஒரு முறை, 1866இல் ஒரு முறை என்று டாக்டர் டே டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார்.

உயிருள்ள மீனைக் கப்பலில் அவ்வளவு தூரம் கொண்டுவருவது மிகக் கடினம். ஆகவே முட்டையாகக் கொண்டுவருவதுதான் வழி. டிரவுட் முட்டை மிளகை விட அதிகம் பெரியதல்ல, இளஞ்சிவப்பாக இருக்கும். அது பொரிக்க நம் கோழி முட்டை போல் சூடு வேண்டாம், நேர்மாறாகக் குளிர்தான் வேண்டும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்தால் ஏறக்குறைய ஆறு வாரத்தில் பொரிக்கும். இன்னும் குளிர்ந்தால் இன்னும் தாமதமாகும். பனிக்கட்டியின் அருகில் வைத்தால் மூன்று மாதம்கூட முட்டை அப்படியே தூங்கும். ஆனால் கொஞ்சம் சூடு ஏறினால் செத்துவிடும். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதில் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் கொன்றுவிடும்.

இப்போது அந்தக் காலத்துப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல்தான். அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து எகிப்து வரை ஒரு கப்பல். அங்கே இறங்கி ரயிலில் பாலைவனத்தைக் கடக்க வேண்டும். பிறகு செங்கடலில் இன்னொரு கப்பல். செங்கடலின் வெப்பம் மனிதரையே வாட்டி எடுக்கும், மிளகளவு முட்டை என்ன செய்யும்! இந்தியா வந்த பிறகும் நீலகிரிக்கு மலை ரயில் கிடையாது. குன்னூர் வரை மலை ரயில் வந்தது 1899இல். அதுவரை மாட்டு வண்டியும் குதிரையும் பல்லக்கும்தான். ஐஸ் பெட்டி வீட்டுக்கு வீடு இல்லாத காலம். சென்னைக்கு ஐஸ் வந்ததே அமெரிக்காவிலிருந்து, கப்பலில்! திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று சொல்கிறோமே, இன்று விவேகானந்தர் இல்லம், அது அந்த அமெரிக்க ஐஸைச் சேமித்து வைக்கக் கட்டியதுதான்.

இதே வேலையை ஆஸ்திரேலியப் பக்கம் வேறொருவர் செய்து காட்டினார். 1864இல் ஜேம்ஸ் யூல் என்பவர் மரப்பெட்டிகளில் ஈரப்பாசி பரப்பி, அதன்மேல் முட்டைகளை அடுக்கி, கப்பலின் அடித்தளத்தில் மலைபோல் ஐஸ் நிரப்பி அதற்குள் புதைத்து அனுப்பினார். ‘நார்ஃபோக்’ என்ற அந்தப் பாய்மரக் கப்பல் மூன்று மாதம் ஓடியது. டாஸ்மேனியாவுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் முட்டைகள் பல உயிரோடு இருந்தன! அங்கே டிரவுட் பெருகிவிட்டது.

நீலகிரியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. டாக்டர் டேயின் இரண்டு முயற்சிகளுமே பலிக்கவில்லை. அவரைத் தொடர்ந்து உதகை அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் முதலானோரும் முயன்றார்கள். டென்ச் போன்ற சில ஐரோப்பிய மீன்கள் உதகை ஏரியில் பிழைத்தன, டிரவுட் நிலைக்கவில்லை. டாக்டரின் உழைப்பைப் பாராட்டிப் பிரான்ஸ் நாட்டுச் சங்கம் ஒன்று பதக்கம் கொடுத்தது.

என்னைக் கேட்டால், பதக்கத்தைவிடப் பெரிய பலன் ஒன்று அந்தத் தோல்வியில் கிடைத்தது. டிரவுட்டுக்கு இடம் தேடி மலை ஏறியவர், அங்கே ஏற்கனவே என்ன மீன்கள் இருக்கின்றன என்று குனிந்து பார்த்தார். நீலகிரி மலையிலும் அதன் அடிவார ஆறுகளிலும் வாழும் மீன்களைப் பற்றி 1867இல் ஒரு கட்டுரை எழுதினார். வராத மீனைத் தேடப் போய், இருந்த மீன்களைக் கணக்கெடுத்துவிட்டார்!

அணைக்கட்டும் உல்லம் மீனும்

அதே சமயத்தில் இன்னொரு கேள்வி எழுந்தது. அதை எழுப்பியவர் யார் தெரியுமா? சர் ஆர்தர் காட்டன். முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையையும் 1836இல் கட்டியவர். அணைகள் வயலுக்கு நல்லது, ஆனால் ஆற்றில் ஏறி இறங்கும் மீன்களுக்கு என்ன ஆகும் என்று அணை கட்டியவரே கவலைப்பட்டார். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

விசாரிக்கும் பொறுப்பு டாக்டர் டேக்கு வந்தது. உல்லம் என்று ஒரு மீன் உண்டு. வங்காளத்தில் இல்சா, ஹில்சா என்று கொண்டாடுவார்கள். கடலில் வளரும், முட்டையிட மட்டும் ஆற்றில் ஏறும். கொள்ளிடத்திலும் காவிரியிலும் அப்படி ஏறி வந்தது. அணைச் சுவர் குறுக்கே நின்றதும் அதற்கு மேல் போக வழியில்லை. சுவருக்குக் கீழே கூட்டமாகத் திகைத்து நிற்கும். காத்திருப்பவர்கள் வலையை வீசி அள்ளிவிடுவார்கள். முட்டையிடப் போகும் தாயையே அள்ளினால் அடுத்த ஆண்டு மீன் எங்கிருந்து வரும்? மீன் ஏறிச் செல்வதற்கு அணையின் ஓரத்தில் படிப்படியாக வழி விட வேண்டும் என்ற யோசனை அப்போது பேசப்பட்டது. ‘மீன் ஏணி’ என்று அதற்குப் பெயர்.

1871இல் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக அவரை நியமித்தார்கள். இந்தியா, பர்மா இரண்டும் அவர் பார்வையின் கீழ் வந்தன. அவ்வளவு பெரிய நாட்டை ஒருவர் எப்படிச் சுற்றிப் பார்ப்பது? போக முடிந்த இடத்துக்கெல்லாம் போனார். மற்ற இடங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்! மாணவர்களுக்கு அல்ல, கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும். உங்கள் பகுதியில் என்ன மீன் கிடைக்கிறது, முன்னைவிடக் குறைந்திருக்கிறதா, வலைக் கண்ணின் அளவு என்ன, பறி வைக்கிறார்களா, தண்ணீரில் நஞ்சு கலக்கிறார்களா என்றெல்லாம் கேட்டார். வந்த பதில்களைத் தொகுத்து 1873இல் அறிக்கையாக வெளியிட்டார்.

அதில் தெரிந்தது நல்ல செய்தி அல்ல. கொசுவலை போன்ற வலையால் குஞ்சுகளைக்கூட விடாமல் அள்ளினார்கள். வாய்க்கால் மடைகளில் பறி வைத்து, வயலில் ஏறிய குஞ்சு மீன் ஆற்றுக்குத் திரும்ப முடியாமல் செய்தார்கள். சில இடங்களில் நச்சுக் காய்களை நசுக்கிக் கலக்கி மடுவையே சாகடித்தார்கள். வலைக் கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும், நஞ்சுக்குத் தடை வேண்டும் என்று அவர் எழுதினார். ஏழை மக்களின் வயிற்றுப்பாட்டில் கைவைக்க வேண்டாம் என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆற்று மீனை நம்பியிருந்த குடும்பங்கள் அன்று ஏராளம். வாதம் இழுத்துக்கொண்டே போனது. நஞ்சும் வெடியும் வைத்து மீன் பிடிக்கக் கூடாது என்ற இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் வந்தது. அதைப் பார்க்க டாக்டர் உயிரோடு இல்லை.

இந்த வேலையில் அவருக்குக் கருத்து ஒத்த நண்பர் ஒருவர் கிடைத்தார். சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ்.தாமஸ். அவர் தூண்டில் பிரியர். காவிரியிலும் பவானியிலும் வாழும் மஹசீர் என்ற பெருங்கெண்டைக்கு இணையான மீன் சீமையிலும் இல்லை என்பது அவர் கட்சி. இந்திய மீன்களைத் தூண்டிலால் பிடிப்பது எப்படி என்று 1873இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அடுத்த ஆண்டு டாக்டர் டே தாம் வருணித்த ஒரு புதுக் கெண்டை இனத்துக்குத் தாமஸின் பெயரையே சூட்டினார்.

இரண்டு அறிஞர்களின் சண்டை

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது டாக்டர் டேயின் மிகப் பெரிய படைப்பு, ‘இந்திய மீன்கள்’. ஏறக்குறைய 200 முழுப்பக்கப் படத்தாள்கள்! படங்களில் பெரும்பாலானவற்றை அவரே வரைந்தார். கம்ப்யூட்டரும் கேமராவும் கைக்கு வராத காலத்தில் ஒவ்வொரு செதிலாகப் பென்சிலால் வரைவது என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும்! மீனை ஆராய்கிறவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தைப் புரட்டாமல் இருப்பதில்லை.

1877இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, செல்டன்ஹாம் என்ற ஊரில் குடியேறினார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. பிரிட்டன், அயர்லாந்து மீன்களைப் பற்றி எழுதினார். பிறகு எதைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? நீலகிரியில் தமக்குக் கைகொடுக்காத அதே டிரவுட்டை! ஸ்காட்லாந்தில் ஹௌவிடவுன் என்ற இடத்தில் இருந்த பெரிய மீன் பண்ணையில் டிரவுட்டையும் சால்மனையும் இனக்கலப்புச் செய்து சோதனைகள் நடத்தினார். அந்தக் குடும்பத்து மீன்களைப் பற்றி 1887இல் தனிப் புத்தகம் வெளியிட்டார்.

ஒரு வருத்தமான விஷயமும் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆல்பர்ட் குந்தர் என்ற மீன் அறிஞர் இருந்தார். உலகப் புகழ் பெற்றவர். டாக்டர் டேக்கும் அவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஒருவர் வைத்த பெயரை மற்றவர் தவறு என்பார், ஒருவர் தனி இனம் என்றால் மற்றவர் இல்லை என்பார். இப்படியே ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதன் பலன், இந்தியாவில் பாடுபட்டுச் சேர்த்த மீன்களில் ஒரு சிறு பகுதியே லண்டனுக்குப் போனது. 1883இல் லண்டனில் பன்னாட்டு மீன்வளக் கண்காட்சி நடந்தது. இந்தியப் பகுதிக்கு டாக்டர் டேதான் பொறுப்பு. அந்த ஆண்டில் தம் சேகரிப்பின் பெரும்பகுதியை ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். ஆகவே நம் ஊர் ஆற்று மீன்கள் பல, 140 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிட்னி நகரத்தில் சீசாக்களில் இருக்கின்றன! பெரியவர்கள் சண்டையால் மீன்களுக்குக் கப்பல் பயணம்.

1885இல் அரசு அவருக்கு சி.ஐ.இ. என்ற விருது அளித்தது. பிரிட்டிஷ் இந்திய உயிரினங்கள் வரிசையில் மீன்களுக்கான இரண்டு தொகுதிகளை எழுதி முடித்தார். 1400க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் அதில் இருக்கின்றன. அவை வெளியான 1889ஆம் ஆண்டிலேயே, ஜூலை 10ஆம் தேதி, புற்றுநோயால் காலமானார். வயது அறுபது.

பிறகு நடந்தவை

டிரவுட் என்ன ஆயிற்று? இலங்கையில் நுவரெலியா ஓடைகளில் 1880களிலேயே டிரவுட் விட்டிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்ற மீன்வள அதிகாரி, வானவில் டிரவுட் என்ற வேறு வகையை இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் நீலகிரிக்கு வரவழைத்தார். இங்கிலாந்து டிரவுட்டை விட அது சற்றுக் கூடுதல் சூட்டைத் தாங்கும். இலங்கையிலிருந்து தூரமும் குறைவு, ரயிலும் வந்துவிட்டது. அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இந்த முறை மீன் பிழைத்துக்கொண்டது. பொய் ஈ கட்டியவர்கள் அவலாஞ்சிக்கும் எமரால்டுக்கும் தேடி வந்தார்கள். வெளியூர் மீனை மலை ஓடையில் விட்டால் அங்கேயே பிறந்த சிறு மீன்களுக்கும் தவளைகளுக்கும் என்ன ஆகும் என்று இன்றைய அறிஞர்கள் கேட்கிறார்கள். அன்று அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

உங்களுக்கெல்லாம் விரால் மீன் தெரியும். 1865இல் கொச்சிக்கு அருகே டாக்டர் டே ஒரு விரால் குஞ்சைக் கண்டார். உடம்பில் இரண்டு கோடுகள் இருந்தன. இது புது இனம் என்று பெயர் சூட்டினார். இல்லை, மலேசியப் பக்கத்தில் வாழும் பெரிய விராலும் இதுவும் ஒன்றுதான் என்று பிறகு அதை அடித்துவிட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எல்லாரும் அப்படியே நம்பினார்கள். 2011இல் அறிஞர்கள் மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது இரண்டும் வெவ்வேறு இனம் என்று தெளிவானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அந்த விரால் இல்லை. அவர் வைத்த பெயரை 146 ஆண்டுகள் கழித்து அதற்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.